மழை சொன்ன வயிறு

எங்கள் ஊரில் எத்தனை வைத்தியர்கள் இருக்கிறார்கள் என்பது என் மகன் பிறந்த மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. ஊரில் எத்தனை பேரோ அத்தனை பேரும் வைத்தியர்கள்.

அமிர்தி காட்டுக்கு மேலே, சாமையும் புளியும் சோறு போடும் சின்ன ஊர். எழுபதுகளின் கடைசி. பிள்ளை ஆவணியில் பிறந்தான். பிறந்ததிலிருந்து வெளிக்குப் போகவில்லை. பால் குடிப்பான், குடித்ததைப் பச்சை நிறமாகக் கக்குவான். வயிறு உப்பிக்கொண்டே வந்தது. பிள்ளை பெற்றவளுக்குத் தீட்டு என்பதால் என்னை ஊர் ஓரத்துக் குடிசையில் வைத்திருந்தார்கள். உள்ளே யாரும் வரக்கூடாது. ஆனால் யோசனைக்குத் தீட்டுக் கிடையாதே. வாசலுக்கு வெளியே நின்றபடியே சொல்லிக்கொண்டிருந்தார்கள். வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவு என்றாள் ஒருத்தி. நான் மாசமாக இருந்தபோது தேனைத் தின்றேனாம், அந்தச் சூடு என்றார் ஒருத்தர். இல்லை, அது காலையில் பழங்கஞ்சி குடித்த குளிர்ச்சி என்றார் இன்னொருத்தர். சூடும் குளிர்ச்சியும் ஒரே வயிற்றில் எப்படிச் சேர்ந்து குடியிருக்கும் என்று கேட்டேன். பச்சை உடம்புக்காரி வாயாடக் கூடாது என்று மட்டும் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

கடைசியில் என் நாத்தனார் வந்தாள். என் வீட்டுக்காரரின் அக்கா. தீட்டாவது ஒன்றாவது என்று நேராக உள்ளே நுழைந்தாள். கையில் வெற்றிலைக் காம்பு, சின்னக் கிண்ணத்தில் விளக்கெண்ணெய். பிள்ளை வெளிக்குப் போகாவிட்டால் காம்பை எண்ணெயில் தோய்த்துப் பின்பக்கம் லேசாக வைப்பார்கள். வைத்த கொஞ்ச நேரத்தில் போய்விடும். எங்கள் பக்கத்தில் இதற்கு மிஞ்சின மருந்து இல்லை. அவள் பிள்ளையைக் காலில் குப்புறப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னாமே இது. காம்பு போவ மாட்டேங்குது."

"நல்லா பாருங்க அண்ணி."

"எத்தினி புள்ளைக்கு வெச்ச கை இது. எனக்குப் பார்க்கத் தெரியாதா? இங்க வழியே இல்லமே."

நானும் பார்த்தேன். இருக்கவேண்டிய இடத்தில் வழவழவென்று தோல். அதில் சின்னதாக ஒரு குழி, அவ்வளவுதான். மூக்கு, நகம், புருவத்து மயிர் என்று ஒன்றுவிடாமல் வைத்த கடவுள் இதை மறந்திருக்கிறார். மண்ணால் குடிசை போடுகிறவன்கூடத் தண்ணீர் போக மடை வைக்காமல் சுவர் எழுப்பமாட்டான். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

ஊர்ப் பூசாரி என் வீட்டுக்காரருக்குத் தாய்மாமன். சாமியிடம் பூக்கேட்டுவிட்டுத்தான் பிள்ளையை மலையிலிருந்து இறக்கவேண்டும் என்றார். சாமி சிலையின் இரண்டு தோளிலும் பூ வைப்பார்கள். வலப்பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் கூடாது. எதுவுமே விழாவிட்டால் விழும்வரை உட்கார்ந்திருக்கவேண்டும். என் வீட்டுக்காரர் பேசத் தெரியாத மனிதர். பூ விழக் காத்திருக்கவும் இல்லை. பிள்ளையைத் துணியில் சுற்றி மார்போடு கட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். நான் பின்னால் போனேன். மற்ற நேரமாக இருந்தால் கம்பில் தூளி கட்டித் தூக்கிப் போவார்கள். தீட்டுக் கழியாத உடம்பைத் தூக்க அன்றைக்கு எந்தத் தோளும் வரவில்லை. அமிர்தி வரைக்கும் நடந்தேன். அங்கே பஸ் ஏறி, கணியம்பாடி தாண்டி, டவுனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

டாக்டரம்மா நல்லவர். அன்றைக்கே அறுவை செய்தார். பெருங்குடலை வெளியே இழுத்து, இடப்பக்கம் வயிற்றின்மேல் ஒரு வாய் வைத்துத் தைத்தார்கள். சிவப்பாக, ரோஜா மொட்டு மாதிரி இருந்தது. அதன் வழியாகப் போனதும்தான் பிள்ளையின் வயிறு இறங்கியது.

"இது இப்போதைக்குத்தான்மா," என்றார். "பிள்ளை கொஞ்சம் தேறினதும் கூட்டிக்கிட்டு வாங்க. கீழே சரியான இடத்துல வழி வைப்போம். அது ஆறினதும் மேலே இருக்கறதை மூடிடுவோம். வராம மட்டும் இருந்துடாதீங்க."

வார்டு ஆயா மலையடிவாரத்துக்காரி. ஆஸ்பத்திரியில் பழுத்த அனுபவம். தனியாக வந்து காதோடு கேட்டாள்.

"கிரகணத்தப்போ இன்னாத்த வெட்டின?"

"எங்க ஊர்ல கிரகணம்னு யாருக்குத் தெரியும். மேகம் மறைச்சிக்கும். நாங்க வருசம் பூரா வெட்டிக்கினுதான் இருப்போம். அப்படிப் பார்த்தா மலையில ஒருத்தருக்கும் வழி இருக்கக் கூடாது."

அதற்குப் பிறகு அவள் எனக்கு வெந்நீர் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மலைக்காரர்கள்தான் மூடநம்பிக்கைக்காரர்கள் என்று கீழே இருப்பவர்களுக்கு ஓர் எண்ணம்.

ஊர் திரும்பினோம். பழைய வேட்டியைக் கிழித்து மடித்து அந்த வாயின்மேல் கட்டுவேன். நனைந்ததும் மாற்றுவேன். சுற்றித் தோல் புண்ணாகாமல் தேங்காய் எண்ணெய் தடவுவேன். ஓடையில் ஆள் இல்லாத பக்கமாகப் போய்த் துணி அலசுவதே என் பிழைப்பாகிவிட்டது. ஆனால் பிள்ளை தேறினான், சிரித்தான். அது போதும் என்றிருந்தேன்.

ஐப்பசியில் பூசாரி பிள்ளையைப் பார்க்க வந்தார். துணியை விலக்கிக் காட்டச் சொன்னார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளைக்குத் தண்ணீராகப் போனது. அன்று சாயங்காலம் நல்ல மழை. ஐப்பசியில் மழை பெய்தது பெரிய அதிசயமாம். சாமி பூவை விட்டுவிட்டுப் பிள்ளை வயிற்றில் வாய் திறந்திருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். சட்டமும் அவரே போட்டார். தண்ணீராகப் போனால் மழை, கெட்டியாகப் போனால் வெயில். பிறகு அது மற்ற காரியங்களுக்கும் ஆனது. தண்ணீராகப் போனால் 'ஆகும்', கெட்டியாகப் போனால் 'ஆகாது'. காணாமற்போன மாடு கிடைக்குமா, பக்கத்து ஊரில் பெண் கேட்டுப் போகலாமா, எல்லாவற்றுக்கும் என் பிள்ளையின் அரைத்துணியை அவிழ்த்தார்கள். குளித்துவிட்டு, விபூதி பூசிக்கொண்டு, பயபக்தியோடு வந்து உட்கார்ந்து காத்திருப்பார்கள். அவன் அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையைக் காலை ஆட்டுவான்.

என் வீட்டுக்காரருக்கு ஊர்க்கூட்டத்தில் முன்வரிசை கிடைத்தது. தாம்பூலம் முதலில் அவருக்குத்தான். பேசத் தெரியாத மனிதர் கனைத்துக்கொள்ளப் பழகினார். வருகிறவர்கள் தேங்காயும் தேனும் கொண்டுவந்து வைப்பார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கோபம் வேறு, குழம்பு வேறு.

சித்திரை வந்தது. பிள்ளை தேறிவிட்டான், அடுத்த அறுவைக்குக் கூட்டிப்போகவேண்டும் என்று நான் நச்சரிக்கத் தொடங்கிய நேரம். அப்போதுதான் ஊர் இரண்டுபட்டது. பாறையில் புளி காயப்போட்டவர்களுக்கு வெயில் வேண்டும். சாமைக்கு உழவேண்டியவர்களுக்குக் கோடை மழை வேண்டும். இரண்டு கட்சியும் சாமியை நம்பினார்கள். நம்பினாலும் சாமிக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்யலாம் என்று இரண்டு கட்சிக்கும் தோன்றியிருக்கிறது. நான் விறகுக்குப் போன நேரம் பார்த்து என் நாத்தனார் கொய்யாக்காயை மசித்து ஊட்டியிருக்கிறாள். அவளுக்குப் புளி. மறுநாள் பூசாரி வீட்டிலிருந்து பலாச்சுளையைத் தேனில் ஊறவைத்து ஊட்டியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சாமை. பல் முளைத்தும் முளைக்காத பிள்ளை. கொடுத்ததையெல்லாம் சப்புக்கொட்டித் தின்றிருக்கிறான்.

பலாப்பழம் ஜெயித்தது. காலையிலிருந்து நிற்காமல் போனது. வயிற்றிலிருந்த வாய் வீங்கி வெளியே தள்ளியது. கண் உள்ளே போய்விட்டது, அழுதால் கண்ணீர் வரவில்லை. சாமைக் கட்சிக்காரர்கள் ஏரைப் பூட்டலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பிள்ளை இவர்களுக்கு மழை சொல்லிச் சொல்லியே செத்துப்போவான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ஊர் வழியை மறித்துக்கொண்டு நின்றது.

"வெதப்பு முடியட்டும்," என்றார் பூசாரி. "அதுக்கப்புறமும் சாமி தொறந்த வாயை மனுசன் மூடறது பாவம். பூக்கேட்டுட்டுப் போ."

நான் பிள்ளையை நடுவில் படுக்கவைத்தேன்.

"சாமி வயித்துலயே இருக்கும்போது பூ எதுக்கு மாமா? அதையே கேளுங்க. தண்ணியா போனா ஆகும்னு நீங்கதான சொன்னீங்க. நாங்க ஆஸ்பத்திரிக்குப் போவலாமா, வாயை மூடிக்கலாமா, கேளுங்க. கெட்டியா போச்சுன்னா நான் வூட்டுக்குத் திரும்பிடறேன்."

பலாப்பழம் யார் வீட்டுப் பலாப்பழம் என்று அவருக்குத் தெரியும். அது சாமி வாக்கில்லை, பலாச்சுளை என்று சொல்லலாம். சொன்னால் இத்தனை மாதம் சொன்ன வாக்கெல்லாம் என்ன ஆவது? திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றார். என் நாத்தனார் கொய்யாக்காயை நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டாள். நான் துணியை அவிழ்த்தேன். கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"சாமி உத்தரவு," என்றார் என் வீட்டுக்காரர். கூட்டத்தில் அவர் உருப்படியாகப் பேசியது அது ஒன்றுதான். பிள்ளையை எடுத்து மார்போடு கட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஊசிவழியாகத் தண்ணீர் ஏற்றித்தான் உயிரைப் பிடித்தார்கள். டாக்டரம்மா என்னை வறுத்தெடுத்தார். பிள்ளையைப் பார்க்காமல் என்ன செய்துகொண்டிருந்தாய் என்றார். ஊருக்கே சாமியாக இருந்தான் என்று சொன்னேன். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் அவர் பின்னால் நின்றார்கள். அவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பயபக்தியோடு குனிந்து, துணியை விலக்கி, என் பிள்ளையின் வயிற்றைப் பார்த்தார்கள். தேங்காய் மட்டும்தான் கொண்டுவரவில்லை.

உடம்பு தேறியதும் கீழே வழி வைத்தார்கள். அதோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். டாக்டரம்மா வழவழப்பான ஓர் எஃகுக் கம்பியை என் கையில் கொடுத்தார். புது வழியை அப்படியே விட்டால் சுருங்கி மூடிக்கொள்ளுமாம். தினம் காலையில் எண்ணெய் தடவி அந்தக் கம்பியை உள்ளே விட்டு எடுக்கவேண்டும். பிள்ளை வளர வளரக் கொஞ்சம் பெரிய கம்பி. மேல் வாயை மூடிய பிறகும் விடக்கூடாது.

"மத்தப் பிள்ளைங்க மாதிரி அடக்கிக்கத் தெரியுங்களா?" என்று கேட்டேன்.

"அதை இப்ப சொல்ல முடியாதும்மா. சிலருக்கு வரும், சிலருக்கு வராது. வளரட்டும், பார்ப்போம்."

மலைக்குப் போனால் மறுபடியும் சாமியாக்கிவிடுவார்கள் என்று, மேல் வாயை மூடும்வரை கணியம்பாடியில் என் சின்னம்மா வீட்டில் தங்கினேன். என் வீட்டுக்காரர் வாரம் ஒருதரம் இறங்கி வருவார். ஒருநாள் கம்பியை அவர் கையில் கொடுத்துப் பார்த்தேன். தொட்டதும் கீழே போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். சின்னம்மா காதைப் பொத்திக்கொள்வாள். ஆகவே நான்தான். எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கும் சத்தம் கேட்டாலே பிள்ளை தவழ்ந்துபோய்க் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வான். காலைப் பிடித்து இழுத்து வருவேன். வழியில் போகிற யாரிடமும் போவான், என்னிடம் மட்டும் வரமாட்டான். பெற்ற பிள்ளை தன்னைக் கண்டு பயப்படுவதைப் போல ஒரு வேதனை கிடையாது. அவன் கத்துவான், நானும் அழுதுகொண்டே செய்வேன். ஆனால் ஒருநாளும் நிறுத்தவில்லை.

தை மாதம் மேல் வாயை மூடினார்கள். ஊர் திரும்பினோம். வயிற்றில் தழும்பை மட்டும் பார்த்துவிட்டு ஊர் கலைந்துபோனது. தேங்காய் நின்றது, முன்வரிசையும் போனது. பூசாரி பூவுக்குத் திரும்பிவிட்டார். என் பிள்ளைக்கோ அடக்கத் தெரியவில்லை. நின்ற இடத்தில் போய்விடும், போனது அவனுக்கே தெரியாது. நடக்கத் தொடங்கியும் அப்படித்தான், பேசத் தொடங்கியும் அப்படித்தான். கால்சட்டையை மாற்றி மாற்றி மாளாது. பிள்ளைகள் நாற்றம் என்று ஆட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். அவன் தூரத்தில் உட்கார்ந்து அவர்கள் விளையாடுவதைப் பார்ப்பான். சாமியாக இருந்தபோது பக்கத்தில் உட்கார இடம் கிடைக்காமல் சண்டை போட்ட வீடுகளின் பிள்ளைகள்தான். அடக்க வரவே வராதோ, இப்படியே வளர்ந்துவிடுவானோ என்ற பயம் சோற்றிலும் தூக்கத்திலும் கூடவே இருந்தது. சாப்பிட்டதும் தினமும் அவனை வீட்டுக்குப் பின்னால் தோண்டிய குழிமேல் உட்காரவைத்து நானும் எதிரில் உட்கார்ந்திருப்பேன். பெரும்பாலும் வீண்தான்.

பள்ளிக்கூடம் சேர்க்கிற வயது நெருங்கியபோது, ஒருநாள் தலையில் புல்லுக்கட்டோடு காட்டு வழியாக வந்துகொண்டிருந்தேன். கொல்லை ஓரத்தில் பிள்ளைகள் கல் அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். இவன் வழக்கம்போல ஓரமாக உட்கார்ந்திருந்தான். திடீரென்று எழுந்தான். கால்சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலை ஒட்டி ஒட்டி வைத்து, ஓட்டமும் நடையுமாகப் புதர் மறைவுக்குப் போனான். அங்கே ஏற்கெனவே ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். இவன் கால்சட்டையை இறக்கிவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். நான் வழியிலிருந்தே பார்த்தேன். கால்சட்டை சுத்தமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"த்தூ, நாறுது. தள்ளிப் போய் ஒக்காருடா."

"உன்னுதுதான்டா நாறுது," என்றான் என் பிள்ளை.

இரண்டு பேரும் நான் தள்ளியா நீ தள்ளியா என்று உட்கார்ந்தபடியே சண்டை போட்டார்கள். வேறு யாரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் வழியிலேயே உட்கார்ந்து அழுதேன். தலையில் இருந்த புல்லுக்கட்டை இறக்கி வைக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.