மூடியின் மேல் இரண்டு கட்டைவிரல்

எங்கள் கல்லூரி வேதியியல் லேபில் டெசிகேட்டர் என்று ஒரு கனத்த கண்ணாடி ஜாடி உண்டு. ஈரம் படக்கூடாத பொடிகளை அதற்குள் வைத்து மூடி, பம்ப் போட்டுக் காற்றை உறிஞ்சிவிடுவோம். அதன்பிறகு வெளிக்காற்று அதை நாலாபக்கமும் நெருக்கிக்கொண்டே இருக்கும். மயிரிழைக் கீறல் இருந்தாலும் போச்சு. உள்நோக்கி நொறுங்கி, சில்லு சில்லாக முகத்தில் தெறிக்கும்.

அதைக் கையாள்வது அக்காவின் வேலை. கூடப் பிறந்த அக்கா இல்லை. என்னோடு லேப் உதவியாளராக இருந்தவர், பாப்பாரப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவார். மூக்குக்கு மேல் கோபம் வரும். தினமும் ஜாடியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் கீறல் தேடுவார். திறக்கும்போது மூடியில் உள்ள குழாயை மெல்லத் திருகி, காற்று முழுக்க உள்ளே போகும்வரை காத்திருப்பார். அதற்குள் யாராவது மூடியைத் தொட்டால் தொலைந்தார்கள். காற்று போனபின், விளிம்பில் கிரீஸ் தடவியிருப்பதால் மூடி வழுக்கும். எடுத்துப் போகும்போது இரண்டு கட்டைவிரலும் அதை அழுத்தியே இருக்க வேண்டும்.

போன வருடம் அக்காவின் வலது கட்டைவிரல்தான் முதலில் ஆட ஆரம்பித்தது. "காலையில சாப்புடல, அதான்" என்றார். நானும் தினம் இரண்டு இட்லி கூடுதலாகக் கட்டிக்கொண்டு போனேன், இட்லிக்கு அடங்குகிற நடுக்கம் போல. தருமபுரி பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இது நரம்புக் கோளாறு, கூடிக்கொண்டுதான் போகும் என்று சொல்லிவிட்டார்கள். "குடுங்கக்கா, நான் தூக்கறேன்" என்றால் எரிந்து விழுவார். "ஏம்புள்ள, எனக்குக் கையில்லயா?" அந்த ஜாடியை விட்டால் லேபில் தனக்கு இடமில்லை என்று அவருக்குத் தெரியும்.

ஒருநாள் எடை பார்க்கும் அறைக்கு எடுத்துப் போகையில் மூடி நழுவியது. எதிரே வந்த மாணவி அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துவிட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண் சிரிக்கக்கூடச் செய்தாள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழவில்லை.

"மூடி போனா வாங்கிக்கலாம் புள்ள. அந்தப் பொண்ணுக்குக் கண்ணு போனா?" என்றார்.

மறுநாள் துறைத்தலைவரிடம் அவரே போய், இனிமேல் கண்ணாடி தூக்க முடியாது என்று சொல்லிவிட்டார். ஒப்பந்த வேலை, மாதக் கடைசியோடு நிற்கச் சொன்னார்கள். வாயை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருக்கலாமே என்று அவரிடமே சண்டைக்குப் போனேன். "அடச்சீ, போ அந்தாண்ட" என்றார்.

கடைசி நாள் குழாயை அவர்தான் திருகினார். விரல் ஆட ஆட, காற்று விக்கி விக்கி உள்ளே போனது. நான் கை வைக்கப் போனேன். "வுடு, நான் பாத்துக்கறேன்." சத்தம் அடங்கியதும் விரல்களை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு விலகி நின்றார்.

"ம், தூக்கு."

தூக்கினேன். என் கட்டைவிரல்களைக் குனிந்து பார்த்துவிட்டு முன்னால் நடந்தார். கதவைத் திறந்து பிடித்தார். வராந்தாவில் நின்ற பிள்ளைகளிடம், "தள்ளுங்க, தள்ளுங்க, கண்ணாடி வருது" என்று சத்தம் போட்டுக்கொண்டே போனார். இரண்டு கையும் ஜாடியில் இருந்ததால் கண்ணைத் துடைக்க முடியாமல் நான் பின்னாலேயே போனேன்.