கட்டிலுக்குக் கீழே ஒரு விதானம்

என் மனைவியின் வலது கண்ணில் விழித்திரை கழன்றுவிட்டது. இடது கண்ணில் பாதியைச் சர்க்கரை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்ததால், நம்பியிருந்தது அந்த வலது கண்ணைத்தான். மதுரையில் அறுவை செய்து, திரையை ஒட்டிப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயுவை நிரப்பினார்கள். சொல்லும்வரை குப்புறவே கிடக்க வேண்டும் என்று அனுப்பிவைத்தார்கள்.

ஓய்வூதியர் காப்பீட்டில் முன் அனுமதி வாங்குவது எப்படி என்று திண்டுக்கல்லில் என்னைவிடத் தெரிந்தவர் கிடையாது. கருவூலத்தில் உட்கார்ந்து காலமெல்லாம் பிறர் பில்லைத் திருப்பி அனுப்பியவன். ஆட்சேபணை இல்லாமல் அனுமதி வந்தது. குப்புறக் கிடப்பதற்குத்தான் விதிமுறை எதுவும் கைவசம் இல்லை. நாடாக் கட்டிலின் தலைமாட்டில் சில நாடாக்களை அவிழ்த்து, முகம் புகும் அளவுக்கு ஓட்டை செய்தேன்.

அவள் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தவள். இத்தாலிக்காகப் பாஸ்போர்ட் எடுத்தோம், அதோடு சரி. மறுமலர்ச்சிக் காலச் சுவரோவியங்களைப் பார்த்ததெல்லாம் புத்தகத்தில்தான். அம்மிக்கல் கனத்தில் ஒன்று உண்டு. ஒரு தேவாலய விதானம் முழுக்க அதில் இருக்கிறது.

“ஓட்டைக்குக் கீழ விரிச்சு வைங்க. அண்ணாந்து பாக்க வேண்டியதக் குனிஞ்சு பாத்தே பழகிப்போச்சு” என்றாள்.

ஈரச் சுண்ணாம்பில் தீட்டும் வண்ணம் அதோடு சேர்ந்து இறுகும். தீட்டுவதற்குள் காய்ந்துவிட்டால் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டியதுதான். அதனால் அன்றன்றைக்குத் தீட்ட முடிந்த அளவே பூசுவார்கள். ஒரு நாள் பூச்சும் மறுநாள் பூச்சும் சேரும் கோடு நல்ல அச்சில் தெரியும். அதைத் தேடுவது எங்கள் பொழுதுபோக்கு.

“அந்தத் தோள்கிட்ட கோடு தெரியுதா?”

“தெரியுது.”

“எனக்குத் தெரியல. அது எங்கிட்டுப் போகுதுன்னு சொல்லுங்க.”

தரையில் படுத்து, விரலால் கோட்டைத் தொடர்ந்தபடி சொல்லிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு பிரியாணிக் கடைக்காரரின் மனைவி நலம் விசாரிக்க வந்தார். முகம் பார்க்கக் கட்டிலுக்கடியில் தலையை நுழைத்தவர், புத்தகத்தைப் பார்த்துப் பின்வாங்கினார்.

“என்னக்கா, ஒட்டுத்துணி இல்லாம கெடக்காக?”

“சின்னாளப்பட்டிச் சேல ஒண்ணு எடுத்துக் குடு. கட்டி விடுறேன்.”

வாயு கரையக் கரைய, பார்வை மேலிருந்து தெளிந்தது. ஒரு தாடியைப் பார்த்தாள். பிறகு ஒரு முழங்கையை. எழுந்து உட்காரவும் அனுமதித்தார்கள். புத்தகத்தை மடிக்கு மாற்றினோம். ஒரு காலையில் முழங்கையைக் காணவில்லை என்றாள்.

“கீழருந்து கருப்பா ஏறுதுங்க.”

மதுரையில் டாக்டர் சுருக்கமாகச் சொன்னார்: திரை மறுபடி கழன்றுவிட்டது, இன்னொரு முறை ஒட்டிப் பார்க்கலாம், பார்வைக்கு உறுதி கிடையாது.

திரும்பும் வழியில் கொடைரோட்டைத் தாண்டினோம்.

“முன் அனுமதி வாங்கிரலாம்” என்றேன்.

“வேணாங்க. காஞ்சிருச்சு.”

மறுநாளே விண்ணப்பித்தேன். அதற்கும் ஆட்சேபணை இல்லாமல் அனுமதி வந்தது. அது காலாவதியாகும்வரை அவள் சம்மதிக்கவில்லை.