கிழியாமல் உரித்த தோல்

"இரைப்பையோட உள்சவ்வு நல்லா இருக்குங்க. புண்ணு, கீறல் ஒண்ணும் இல்ல" என்று டாக்டர் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். தீராத வயிற்றுவலியில் என்னென்னவோ நினைத்துப் பயந்து, அரிமளத்திலிருந்து அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு புதுக்கோட்டைக்கு வந்திருந்தேன். குழாய் விட்டு எடுத்த படத்தில், ரோஜா நிறத்தில் ஈரமாக மின்னியது என் வயிறு.

எனக்குக் கோழியின் இரைப்பைதான் நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோழி அடித்தால், அம்மா அதன் இரைப்பையைக் கீறி, மணலைக் கொட்டிவிட்டு எங்களில் ஒருவரிடம் தருவாள். உள்ளே ஒட்டியிருக்கும் மஞ்சள் தோலைக் கிழியாமல் உரித்தால் குழம்பில் அந்தத் துண்டு உரித்தவருக்கு. கிழிந்தால் மற்றவருக்கு. அக்கா இதற்கென்றே கட்டைவிரல் நகத்தை வளர்த்தாள். அப்பா தோலை வெயிலில் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் ஓட்டை தேடுவார். என் தோலில் எப்போதும் ஓட்டை இருக்கும்.

ஒருநாள் முழுசாக உரித்துவிட்டேன். அப்பா தூக்கிப் பிடித்த நொடியில் ஒரு காக்கா அதைக் கொத்திக்கொண்டு போய்விட்டது.

"கிழிஞ்சுதான் இருந்துச்சு, நான் பாத்தேன்" என்றாள் அக்கா. தீர்ப்புச் சொல்ல வழியில்லாமல் துண்டை அப்பாவே தின்றார். அந்த வழக்கு எங்கள் கல்யாணங்களைத் தாண்டியும் நடந்தது.

இப்போது அக்கா, அப்பா மாதிரியே ஒற்றைக் கண்ணால் திரையைக் கூர்ந்து பார்த்தாள். "எங்கிட்டும் கிழியலைல்ல டாக்டர்?"

"இல்லம்மா."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"சரிடா, அன்னைக்கும் கிழியல."