சித்தியின் பேய்ப்படம்

என் சித்திக்கு வந்த சிங்கப்பூர் மாப்பிள்ளை கை நழுவிப் போனதற்கு எங்கள் தாத்தா வீட்டுப் பத்தாயமும் ஒரு காரணம். பழியெல்லாம் மாமா தலையில்தான் விழுந்தது என்பது வேறு விஷயம்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அரைப்பரீட்சை லீவுக்கு அம்மாவோடு கும்பகோணம் பக்கத்திலிருந்த தாத்தா ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவின் தங்கையான சித்தி தஞ்சாவூரில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தாள். கடைசி செமஸ்டர்தான் பாக்கி. அதற்குள் இந்த வரன். தை மாதமே கல்யாணம், கையோடு விமானம், இனிமேல் படிப்பு எதற்கு என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னதைத் தாத்தா அப்படியே ஒப்புக்கொண்டார். சித்தி கெஞ்சிப் பார்த்தாள், சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். தாத்தா ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான். எனக்கோ பட்டுப்பாவாடை கிடைக்கப்போகிற குஷி. இவள் ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எரிச்சல்கூட வந்தது.

பெண் பார்க்க வர மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. பெண் காபி கொண்டுவருகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். வெளியில் ஆள் தேட வேண்டியதில்லை. அம்மாவின் தம்பியான மாமாவே சுற்றுவட்டாரத்துக் கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பவர். மனசு மட்டும் எப்போதும் சினிமாவில்.

விளக்கு விஷயத்தில் மாமா கில்லாடி. அந்த லீவில் ஒருநாள் எனக்கு வேடிக்கை காட்டினார். அடுப்படியில் சித்தி காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஜன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டி, அதற்குப் பின்னாலிருந்து விளக்கைப் போட்டார். சித்தி காதல் படக் கதாநாயகி ஆகிவிட்டாள். விளக்கை நேர் உச்சிக்கு ஏற்றினார். கண் இரண்டும் குழி விழுந்து, காபியில் எதையோ கலந்து கொடுக்கப்போகிறவள் போல் ஆனாள். எல்லா விளக்கையும் ஒன்றாகப் போட்டதும் மத்தியான சீரியல் மருமகள். அதே சித்தி, அதே டபரா. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

வீடியோ எடுக்கிற அன்று தாத்தா ஒரே ஒரு கட்டளைதான் போட்டார். பத்தாயம் படத்தில் தெரிய வேண்டும். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் அந்த நெல் கொட்டும் மரப்பெட்டிதான் குடும்ப கௌரவம் என்பது அவர் எண்ணம். அது இருந்ததோ ஜன்னலே இல்லாத உள்ளறையில்.

"பத்தாயத்துக்குப் பின்னாலேருந்து நடந்து வரட்டும்டா," என்றார்.

மாமா சித்தியை ஒரு பார்வை பார்த்தார். "சரிங்கப்பா," என்றார்.

பிறகு மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒன்றை மட்டும் தரையில் வைத்து மேல்நோக்கித் திருப்பினார். ஏன் கீழே வைக்கிறீர்கள் என்று கேட்டேன். ஸ்டாண்டு உடைந்துவிட்டதாம். தலைக்குக் குளித்தது காயவில்லை என்று சித்தி முடியை விரித்துப் போட்டிருந்தாள். எப்போதும் விரட்டிப் பிடித்துப் பின்னிவிடும் அம்மாகூட அன்று கண்டுகொள்ளவில்லை. சித்தி இமைக்காமல் மெதுவாக நடந்து வந்தாள். கேமராவின் சின்னத் திரையில் தாத்தா குனிந்து பார்த்தார். பத்தாயம் படத்தில் முழுசாக விழுந்திருந்தது. அவருக்குத் திருப்தி. வீடியோ வாட்ஸப்பில் போய்விட்டது.

மறுநாள் தரகர் போன் செய்து, ஜாதகம் கொஞ்சம் இடிக்கிறது என்று இழுத்தார். தாத்தா அதட்டியதும் உண்மையைக் கக்கிவிட்டார். வீடியோவைப் பார்த்த பையனின் அம்மா பயந்துபோய்ப் போனையே கீழே போட்டுவிட்டாராம்.

அதன்பிறகுதான் தாத்தா அதை டிவியில் போடச் சொன்னார். இருட்டுக்குள்ளிருந்து மோவாயும் மூக்குத் துவாரமும் மட்டும் பளபளக்க, கண்ணெல்லாம் கறுத்து, காபித் தட்டோடு வந்துகொண்டிருந்தாள் என் சித்தி. பின்னால் அவள் நிழல் உத்தரம்வரை எழும்பி நின்றது. நான் வீலென்று கத்திவிட்டேன்.

தாத்தா மாமாவைப் பிடித்துக்கொண்டார். ஊரான் வீட்டுப் பெண்களையெல்லாம் மகாலட்சுமியாகக் காட்டுகிறவனுக்கு, கூடப் பிறந்தவளை இப்படிக் காட்ட எப்படி மனசு வந்தது என்று வறுத்தெடுத்தார். மாமா தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். சித்தியும் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. போய் எட்டிப் பார்த்தேன். போர்செட் மோட்டார் கொட்டகைச் சுவரில் சாய்ந்தபடி இரண்டு பேரும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்கள். சித்தி கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பாவமாகப் போய்விட்டது. ஓடிவந்து தாத்தாவிடம் சொன்னேன்.

"தாத்தா, சித்தி குலுங்கிக் குலுங்கி அழுவுறாங்க. மாமாவும் அழுவுறாங்க."

அம்மா சட்டென்று எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். தாத்தா டிவியை அணைத்தார். பேசியபோது அவர் குரலே மாறியிருந்தது.

"அழ வேணாம்னு சொல்லு. மொதல்ல அது பரீட்சையை எழுதி முடிக்கட்டும். அதுவரைக்கும் இந்த வீட்ல கல்யாணப் பேச்சே கெடையாது."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. பட்டுப்பாவாடை போனால் போகிறது. கொல்லைக்கு ஓடி, ஒரு வார்த்தை விடாமல் அப்படியே ஒப்பித்தேன். இரண்டு பேரும் முகத்திலிருந்து கையை எடுத்தார்கள். மாமா வாய்க்கால் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்து, என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு, ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

அழ வேண்டாம் என்றுதானே தாத்தா சொல்லி அனுப்பினார், நான் எதையாவது மாற்றிச் சொல்லிவிட்டேனோ என்று பயந்துபோய், முதலிலிருந்து மறுபடியும் ஒப்பிக்கத் தொடங்கினேன்.