ஆமிக்காரரின் றக்பி மைதானத்தில் புல் வெட்டினேன்

மைதானம் பார்க்கிறவனின் வேலை சரியாக இருந்தால் ஒருவருக்கும் தெரியாது. ஒரு குழி விழுந்தால் ஊருக்கே தெரியும். ஜெர்மனியில் கோப்பை கழுவுகிறவர்களே, மண்டபம் கூட்டுகிறவர்களே, உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஹம் நகரத்துக்குப் பக்கத்தில், அங்கிருந்த இராணுவ முகாமின் ஆங்கிலேய ஆமிக்காரர் தொடங்கிய றக்பி கழகத்தில் பதினெட்டு வருடம் புல் வெட்டினேன்.

உறைந்த நிலம்

முதல் குளிர்காலம். ஆட்டத்தன்று காலை நிலம் சீமெந்து மாதிரி இறுகிக் கிடந்தது. எனக்கு அப்போது டொச் பாஷை அரைகுறை, இங்கிலீஷ் அதைவிட மோசம். அணித் தலைவரிடம் போய், விளையாட ஏலாது என்று மூன்று தரம் சொன்னேன். அவர் என் தோளில் தட்டிவிட்டு உள்ளே இறங்கினார். பத்தாவது நிமிடம் ஒரு பெடியனுக்குக் காறையெலும்பு முறிந்தது. அம்புலன்ஸ் போனதும் தலைவர் நேரே என்னிடம் வந்தார்.

"ஆபத்தெண்டால் நீ கத்திச் சொல்லியிருக்க வேணும்."

நன்றி மலர்

பிறகு நல்ல காலம் வந்தது. இரண்டு பருவத்தில் எங்கள் அணி லீக்கில் இரண்டு பிரிவு மேலே ஏறியது. சனிக்கிழமைகளில் கார் நிறுத்த இடமில்லை. வெற்றி விழாவுக்கு ஒரு சிறப்பு மலர் அச்சடித்தார்கள். கடைசிப் பக்கத்தில் பியர் கொடுத்தவருக்கு நன்றி, பஸ் ஓட்டியவருக்கு நன்றி, செயலாளரின் நாய்க்குக்கூட நன்றி. என் பெயரைத் தேடி இரண்டு தரம் வாசித்தேன். வெட்கத்தை விட்டுத் தலைவரிடம் கேட்டேன். அவர் உண்மையாகவே மனம் நொந்துபோனார்.

"உன்னை நாங்கள் வெளியாள் எண்டு நினைக்கேல்லை, அதுதான் நன்றி போடேல்லை."

பதினைந்தாவது ஆள்

முகாம் மூடப்பட்டது. ஆமிக்காரர் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குத் திரும்பினார்கள். மிஞ்சிய ஜெர்மன்காரரும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கடைசிப் பருவத்தில் ஒருநாள், பதினைந்து பேர் வேண்டிய ஆட்டத்துக்குப் பதினான்கு பேர்தான் வந்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு ஒரு சட்டையை மாட்டி, "ஓட வேண்டாம், ஓரத்தில் நில்" என்றார்கள். நின்றேன். பந்து என்னிடமே வந்தது. பிடித்துவிட்டேன்! அந்தச் சந்தோசம் முடியுமுன் ஒரு மலை வந்து மோதியது. இரண்டு விலா எலும்பு போச்சு. நான் சீவி வளர்த்த புல்லிலே முகம் புதைத்துக் கிடந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு என் மனைவி பவானி வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். கதிரையை இழுத்துப் போட்டு இருந்து கேட்டாள்.

"கழகம் வச்சவையே விட்டிட்டுப் போட்டினம், நீங்கள் ஆருக்காக அப்பா விழுந்து கிடக்கிறியள்?"

பச்சைக் கம்பளம்

மைதானத்தை உதைபந்தாட்டக் கழகம் எடுத்தது. றக்பிக் கம்பங்களை அறுத்தார்கள். செயற்கைப் புல் விரித்தார்கள். அதை வெட்டத் தேவையில்லை, ஆகவே நானும் தேவையில்லை. மைதானக் கதவுகளின் திறப்புக் கோர்வையைக் கொடுக்கப் போன அன்று, வேலியோரம் ஒரு வெள்ளைக்காரர் மனைவியோடு நின்றார். பார்த்ததுமே தெரிந்தது: எத்தனையோ சனிக்கிழமை என் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்த பழைய விளையாட்டுக்காரர். சிரித்துக்கொண்டு கிட்டப் போனேன். அவரும் சிரித்தார்.

"இஞ்ச முந்தி ஒரு றக்பி கழகம் இருந்தது, நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய்."

நாளைக்கு யாராவது அந்தக் கழகத்தின் வரலாற்றை எழுதினால், அதில் புல் தானாக வளர்ந்து தானாகவே வெட்டுப்பட்டிருக்கும்.