மைனாக்களும் மாறாத இரைச்சலும்

மலேசியாவில் ரந்தாவை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தின் மண்டபக் கூரையில் நின்ற பழைய தொலைக்காட்சி அலைவாங்கியைச் சென்ற மாதம் கழற்றி, இரும்புச் சாமான் வாங்குவோரிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த அலுமினியக் கம்பிகளின்கீழ் ஒரு மனிதரின் நற்பெயர் கெட்டது. அதை நினைவிற்கொண்டோர் இன்று சிலரே. அவர்களும் நிகழ்ந்ததில் பாதியையே சொல்கிறார்கள். எஞ்சிய பாதியை நான் அறிவேன். அதைச் சொல்லும்படி அவரே என்னைக் கேட்டுக்கொண்டார். ஆதலின் இதை எழுதிவைக்கிறேன்.

அவர் தோட்டத்து வயர்மேன்; வீடுகளுக்கும் ரப்பர் ஆலைக்கும் மின்கம்பி இழுப்பது அவர் பணி. நான் அங்குள்ள தமிழ்ப்பள்ளியில் ஆசிரியனாய் இருந்தேன். மண்டபத்துக்குத் தொலைக்காட்சி வந்தபோது அலைவாங்கியை நட்டவரும் அவரே. வாரமொருமுறை ஒளிபரப்பாகும் தமிழ்ப்படத்துக்காக மக்கள் குளித்து, திருநீறிட்டு, பாயோடு வந்து அமர்வார்கள். திரையில் வெண்புள்ளிகள் மொய்க்கும். கதைத்தலைவி அழும்போது அவளோடு சேர்ந்து ஓர் இரைச்சலும் அழும்.

"என்ன வயர்மேன், படம் பூரா மழையிலயே எடுத்திருக்கான் போல?" என்பார், வேலைக்காட்டில் ஆட்களை மேய்க்கும் மண்டோர். கூட்டம் சிரிக்கும்.

வயர்மேன் ஐயங்களை ஒவ்வொன்றாய் விலக்கினார். கம்பியை மாற்றினார், அலைவாங்கியை ஒளிபரப்பு வரும் சிரம்பான் பக்கமாய்த் திருப்பினார், ஆலை இயந்திரம் ஓய்ந்த வேளையில் செவிகொடுத்துப் பார்த்தார். இரைச்சல் குறையவில்லை. இறுதியில் அவர் கண் மைனாக்கள்மேல் விழுந்தது. மண்டபத்தை ஒட்டிய முனியாண்டி கோயில் மரத்தின் பெருங்கிளையொன்று கூரைமேல் நீண்டிருந்தது. அதில் மாலைதோறும் வந்தடையும் மைனாக்கள் அலைவாங்கிக்கு எச்சத்தால் வெள்ளையடித்திருந்தன. அவர் ஏறித் துடைத்தார். மறுநாளே பழையபடி ஆயிற்று. "அந்தக் கிளைய வெட்டினா சத்தம் நின்னுரும்லா" என்று மண்டபத்தில் எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டார்.

சாமி மரத்தில் கத்தி வைக்கச் சாமியைக் கேட்கவேண்டும். பூசாரி வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே தாளில் மடித்து முனியாண்டிமுன் வைத்தார். ஒரு சிறுமி எடுத்த பொட்டலத்தில் வெள்ளை இருந்தது, உத்தரவு கிடைத்தது. கிளை விழுந்தது, மைனாக்கள் அகன்றன, அலைவாங்கி பளபளத்தது. அன்று மாலை பெட்டியை முடுக்கினார்கள். இரைச்சல் அப்படியே இருந்தது.

"சாமி குடுத்துருச்சு. வயர்மேன்தான் குடுக்கல" என்றார் மண்டோர். இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

அதன்பின் ஒரு வீட்டில் காய்ச்சல் வந்தாலும், ஒருவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தாலும் வெட்டுண்ட கிளையே காரணமாயிற்று. திருவிழாவுக்கு விளக்குக் கட்டும் பணி வெளியாளுக்குப் போனது. அவ்வாண்டே அவர் குடும்பத்தோடு சுங்கை காடுட்டுக்குத் தொழிற்சாலை வேலை தேடிச் சென்றுவிட்டார்.

ஓய்வுபெற்றபின் பேரண்டத்தின் தோற்றம் பற்றிய நூல்களைப் படிக்கலானேன். விண்மீன் திரள்கள் ஒன்றைவிட்டொன்று விலகிச் செல்வதை அறிஞர்கள் முதலில் கண்டார்கள். விலகுவன யாவும் முன்னொருகால் நெருங்கியிருந்திருக்கவேண்டும் என்று பின்னோக்கிக் கணித்தார்கள். தொடக்கத்தில் பேரண்டம் கொதித்திருந்ததாயின், அவ்வெம்மையில் சிறிது இன்றும் எங்கும் பரவியிருக்கவேண்டும் என்று சிலர் எழுதினர். பிறர் அதைப் பெரிதாய்க் கொள்ளவில்லை. பின்னர் அமெரிக்காவில் ஆய்வாளர் இருவர், கொம்பு வடிவ அலைவாங்கி ஒன்றில் நீங்காத இரைச்சலைக் கேட்டனர். எத்திசை திருப்பினும், எப்பருவத்திலும் அது ஒரே அளவாய் இருந்தது. உள்ளே கூடுகட்டியிருந்த புறாக்களை ஐயுற்று, அவற்றை அகற்றி, எச்சத்தைத் துடைத்தனர். அப்போதும் இரைச்சல் ஓயவில்லை. அதுவே, நுண்ணலையாய் எஞ்சிய அப்பழைய வெம்மை என்பது, அதைத் தேட முனைந்திருந்த வேறு அறிஞர்களோடு பேசியபின்னரே அவர்களுக்குத் தெளிவாயிற்று.

புறாக்கள் வந்த பக்கத்தில் நூலை மூடிவைத்துவிட்டுச் சுங்கை காடுட்டுக்குச் சென்றேன். வயர்மேன் முழுதும் கேட்டார். நான் எதையும் மிகைப்படுத்தவில்லை. நம் மண்டபத்து இரைச்சலில் பெரும்பங்கு ஒளிபரப்பின் தொலைவாலும் பெட்டியின் குறையாலும் வந்தது. விண்ணிலிருந்து வந்த அப்பழைய வெம்மையின் பங்கு மிகச் சிறிது என்றே சொன்னேன்.

"அவங்களும் பறவப் பீயத் தொடச்சாங்களா, வாத்தியாரே?"

"துடைத்தார்கள்."

"அப்புறம்?"

"உலகப் பெரும் பரிசு கிடைத்தது."

"எனக்கு மண்டோருல்ல கெடச்சாரு" என்றார். பிறகு, "அப்போ கொஞ்சமாச்சும் என் தப்பு இல்லன்னு ஆகுதுலா? அது போதும். அங்க போனா சொல்லுங்க" என்றார்.

நான் தோட்டத்துக்குப் போய்ச் சொல்வதற்குள் மண்டோர் மறைந்திருந்தார். பின்னர் வயர்மேனும் மறைந்தார். மண்டபத்தின் புதிய தொலைக்காட்சி, அலை கிடைக்காவிடில் நீலத்திரையைக் காட்டி வாய்மூடி நிற்கிறது. பழைய அலைவாங்கியை லாரியில் ஏற்றியபோது அருகில் நின்று பார்த்தேன். கோயில் மரம் எப்போதோ மீண்டும் கிளைத்துவிட்டது. கம்பிகளில் மைனா எச்சம் உலர்ந்திருந்தது.

இதில் என் நினைவோ அறிவியலோ பிழைபட்டிருப்பின் அறிந்தோர் திருத்துக. சிறப்பாக, அந்தச் சிறு பங்கின் அளவை என்னினும் நுட்பமாய் அறிந்தவர் எழுதித் தெரிவிக்க வேண்டுகிறேன். அது எவ்வளவு சிறிதாயினும், அவ்வளவும் வயர்மேனின் பிழையன்று.