எர்ணாவூர் காற்றுக்கு வாரண்டி இல்லை

வியாழக்கிழமை காலை ஐந்து பத்துக்கு மன்னார்குடியில் வீட்டு வாசலிலிருந்து காரை எடுத்தேன். மீட்டரில் தூரக் கணக்கைப் பூஜ்யமாக்கிக்கொண்டேன். பள்ளியில் இரண்டு நாள் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். காரணம் கேட்ட தலைமையாசிரியரிடம் சென்னையில் ஒரு கூட்டம் என்று மட்டும் சொன்னேன். என் காரைச் சாட்சி சொல்லக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

அது ஒரு ஜப்பான் கம்பெனியின் சின்ன கார். பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் விஷயம் எல்லாக் கம்பெனிகளின் வாரண்டி புத்தகத்திலும் ஏறக்குறைய ஒரே வரியாகத்தான் இருக்கிறது. போரில் இடிந்த நாட்டில் சின்னச் சின்ன எஞ்சின்கள் செய்து எழுந்த கம்பெனி என்று அதன் கதையை அப்பா ஆசையாகச் சொல்வார். எண்பதுகளில் ஜப்பான் வண்டிகள் நம் சாலைக்கு வந்ததை அவர் ஒரு விடுதலையாகவே நினைத்தார். அதுவரை கார் வைத்திருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளை மெக்கானிக்கோடு கழித்தார்கள். சாவியைத் திருப்பியதும் கிளம்பும் காரை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்பா வாங்கிய வண்டி பதினேழு வருடம் ஓடியது. அதே கம்பெனியில் நான் இரண்டாவது வண்டி வாங்கினேன். இப்போது ஓட்டுவது மூன்றாவது. வெள்ளை நிறம், வாங்கி இரண்டரை வருடம்.

இதே மாடல் வைத்திருப்பவர்களுக்கு வாட்ஸப்பில் ஒரு குழு இருக்கிறது. மைலேஜ், டயர், எந்த ஊரில் சர்வீஸ் நன்றாகச் செய்கிறார்கள் என்று ஓயாமல் பேசுவோம். நான்கு மாதத்துக்கு முன் எர்ணாவூர் சலீம் என்பவர் தன் காரின் படங்களைப் போட்டிருந்தார். வெள்ளை வண்டி, கூரையெல்லாம் சாம்பல் நிறத்தில் சொரசொரத்து, பானெட் ஓரத்தில் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. ஆளாளுக்குக் கிண்டல் செய்தார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. வாரம் ஒரு முறை ஷாம்பூ போட்டுக் கழுவினால் இப்படி ஆகாது என்று அறிவுரை எழுதினேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் என்னைத் தனியாக அழைத்தார். என் காரும் அவர் காரும் ஒரே மாடல், ஒரே நிறம், வாங்கிய மாதமும் ஒன்று என்பதைக் குழுவில் பார்த்து வைத்திருந்தார். திருவொற்றியூரில் சுற்றுச்சூழல் குறைகேட்புக் கூட்டம் ஒன்று அறிவித்திருக்கிறார்கள், அதற்கு வர முடியுமா என்று கேட்டார்.

"ஒரு தபா உங்க வண்டிய இட்டாந்து என் வண்டி பக்கத்துல நிறுத்துங்க டீச்சர். நான் வேற ஒண்ணும் பேச வேணாம்."

கும்பகோணம் தாண்டி ஒரு கடையில் இட்லி, காபி, எழுபது ரூபாய். விக்கிரவாண்டியில் நெடுஞ்சாலையைப் பிடித்து, வண்டலூரில் வெளிவட்டச் சாலைக்குத் திரும்பும்போது மணி பத்தே முக்கால். அங்கிருந்து மீஞ்சூர் அறுபத்திரண்டு கிலோமீட்டர். சாலை அகலம், போக்குவரத்து குறைவு. எனக்கு முன்னால் இரண்டு அடுக்கில் புதுக் கார்களை ஏற்றிய டிரெய்லர்கள் வரிசையாக எண்ணூர் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றில் என் மாடலே இருந்தது. ஸ்டீயரிங் இடது பக்கம்.

மீஞ்சூருக்குச் சற்று முன்னால் டீக்கடையில் அந்த டிரெய்லரும் நின்றது. டீ பதினைந்து ரூபாய். டிரைவர் பழனி நாமக்கல்காரர். என் காரையும் அவர் சுமையையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். மேலே இருந்த கார்களின் பானெட்டிலும் கூரையிலும் வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் தோல் ஒட்டியிருந்தது. அது எதற்கு என்று கேட்டேன். வெளிநாடு போகிற வண்டி, துறைமுகத்தில் நிற்கிற நாட்களில் உப்போ தூசியோ பெயிண்டில் படக்கூடாது, அங்கே போய்த்தான் உரிப்பார்கள் என்றார். கப்பலுக்காகச் சில நாள் காத்திருக்கும் காருக்கு இந்தக் கவனம். அதில் தப்பில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். கோபம் பிறகு வந்தது.

வல்லூர், மணலி புதுநகர் என்று கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து எர்ணாவூர் சேர்ந்தபோது பகல் ஒன்றேகால். மீட்டர் 371 காட்டியது. சலீம் தெருமுனையிலேயே நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். பழைய வண்ணாரப்பேட்டைக் குடும்பம். துறைமுகத்தில் சரக்கு இறக்குமதிக்கு ஆவணம் தயாரிக்கும் ஓர் ஏஜெண்டிடம் எழுத்தர். வாடகை கட்டுப்படியாகாமல் பதினோரு வருடம் முன் எர்ணாவூருக்கு வந்து இரண்டு அறை வீடு கட்டிக்கொண்டவர். என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா டீச்சர், ஷோரூம்ல கீற மாரியே வெச்சுகினு கீறீங்க."

பெருமைப்பட எனக்கு நேரமில்லை. பக்கத்தில் நின்ற அவர் காரைப் பார்த்தேன். படத்தில் பார்த்ததைவிட மோசம். கூரையில் உள்ளங்கையை வைத்தேன். உப்புத்தாள் மாதிரி இருந்தது. கையைத் திருப்பினால் சாம்பல். இன்று காலை ஆறு மணிக்குக் கழுவியது என்றார் சலீம். வாரம் ஒரு முறை இல்லை, தினமும் கழுவுகிற மனிதருக்கு நான் ஷாம்பூ உபதேசம் செய்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கையசைத்துத் தள்ளிவிட்டு உள்ளே கூப்பிட்டார்.

அவர் மனைவி மும்தாஜ் சோறும் மீன் குழம்பும் வஞ்சிர வறுவலும் வைத்திருந்தார். உணவின் மேல் எல்லாம் மூடி. ஒரு பாத்திரத்தைத் திறந்து பரிமாறியதும் உடனே மூடினார். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. துணியெல்லாம் படுக்கையறைக்குள் கொடியில் தொங்கியது. மாடியில் காயப்போட்டால் திரும்பத் துவைக்க வேண்டியிருக்கும் என்றார். பேச்சின் நடுவே அவருக்கு இருமல் வந்தால் நிற்கச் சற்று நேரமாகும். அலமாரியில் மூச்சுத்திணறலுக்கு மருந்துப் புகை பிடிக்கும் நெபுலைசர் இருந்தது. அந்தக் காரை வாங்கியதே அதற்காகத்தான். மூச்சு முட்டும்போது ஆட்டோவுக்குக் காத்திருந்து இரண்டு முறை நிலைமை கைமீறிப் போயிருந்தது. ஜப்பான் வண்டி, எந்த நேரமும் கிளம்பும் என்று நம்பிச் சலீம் கடன் போட்டு வாங்கினார். வண்டி இன்றுவரை அவரைக் கைவிடவில்லை. எஞ்சினைப் பற்றி ஒரு குறையும் இல்லை என்று இரண்டு முறை சொன்னார்.

சாப்பிட்டதும் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். வாரண்டி இருக்கும்போதே பெயிண்ட் கொப்பளிக்கிறதே என்று சர்வீஸ் சென்டருக்குப் போயிருக்கிறார். சோதித்துப் பார்த்துவிட்டு, வாரண்டியில் வராது என்றார்களாம். வாயால் சொன்னதை ஏற்காமல், எழுதித்தரச் சொல்லி மூன்று முறை அலைந்திருக்கிறார். கடைசியில் தமிழிலேயே எழுதிக் கையொப்பமும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார்கள். வாகனம் நிறுத்தப்படும் பகுதியின் காற்றில் கலந்துள்ள தொழிற்சாலைச் சாம்பலும் இரசாயனத் துகள்களும் படிந்து ஏற்பட்ட சேதம் இது, உற்பத்திக் குறைபாடு அல்ல, ஆகவே வாரண்டி பொருந்தாது. வாகனத்தை வேறு இடத்தில் நிறுத்துமாறு பரிந்துரைக்கிறோம்.

எனக்குக் கம்பெனி மேல்தான் முதலில் ஆத்திரம் வந்தது. சலீமுக்கும் வந்திருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனவரைத் தடுத்தது மும்தாஜ்தான்.

"பத்து வருசமா எத்தினி ஆபீசுக்கு எழுதிப் போட்டுக்கீறோம். காத்துல ஒண்ணுமில்லனுதான் சொன்னானுங்க. சாம்பல் கீதுனு கையெழுத்து போட்டுக் குட்த்தது இந்தக் கார்க்காரன் ஒருத்தன்தான். இத்தப் போயி கிழிப்பாங்களா?"

அன்று மாலை சலீம் என்னைக் கடற்கரைச் சாலை வழியாக எண்ணூர் வரை அழைத்துப்போனார். பத்து நிமிட தூரம்தான். முகத்துவாரத்தைத் தாண்டி அனல்மின் புகைபோக்கிகள் நின்றன. கழிமுகத்தில் இறால் தேடி இரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவிக்கொண்டிருந்தார்கள். அடியில் மண் இல்லை, சாம்பல் சேறு என்றார் சலீம். பிளாஸ்டிக் தோல் போர்த்திய கார்கள் நினைவுக்கு வந்தபோதுதான் எனக்குள் சூடேறியது. இந்தக் காற்று பெயிண்டுக்கு ஆகாது என்று கார் அனுப்புகிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தோலும் சளிச்சவ்வும் உள்ளவர்கள் இங்கே தெருத்தெருவாக இருக்கிறார்கள். அவர்கள் மேல் எதையும் ஒட்டி அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை.

வெள்ளி காலை ஒன்பதரைக்கு மும்தாஜையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு கார்களையும் திருவொற்றியூரில் கூட்டம் நடக்கும் கல்யாண மண்டபத்து வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். சலீம் சொன்னபடி எதுவும் பேசவில்லை. இரண்டு ஆர்.சி. புத்தக நகல்களைக் கண்ணாடியில் ஒட்டினார், அவ்வளவுதான். கூட்டத்துக்கு வந்தவர்கள் மாதத்தையும் மாடலையும் படித்தார்கள், பிறகு இரண்டு கூரைகளையும் தொட்டார்கள். மீன் விற்கும் ஒரு பெண் என் காரைத் தடவிவிட்டு, எந்த ஊர் வண்டி என்று கேட்டார். மன்னார்குடி என்றேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பத்தரைக்குள் மண்டபத்துக்கு உள்ளே இருந்ததைவிட வாசலில் அதிகம் பேர்.

கூட்டத்தை நடத்திய அதிகாரி வெளியே வந்து பார்க்க மறுத்தார். இது மக்கள் நலம் பற்றிய கூட்டம், வாகனம் பற்றியது அல்ல என்றார். சலீம் மேடையேறிக் கடிதத்தை முழுக்க வாசித்தார். ஆலைகளின் சார்பில் வந்திருந்த ஒருவர் ஒலிபெருக்கியை வாங்கி, கடற்கரையில் நிற்கிற எந்தக் காரும் உப்பால் அரிக்கும், இதைப் பள்ளிப்பிள்ளையும் சொல்லும் என்று சிரித்தார். முன்வரிசையில் சிலர் கூடச் சிரித்தார்கள்.

பள்ளிப்பிள்ளைகளுக்கு இருபத்திரண்டு வருடமாக இயற்பியல் சொல்லித்தருகிறேன். அவர் சிரித்ததை என்னால் தாங்க முடியவில்லை. வெளியே போய்ச் சலீம் காரின் கூரையை என் வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்தேன். அதிகாரியின் மேசையில் இருந்த குடிநீர்த் தம்ளரை எடுத்து, கைக்குட்டையை அதற்குள் உதறிக் கலக்கினேன். உப்பு என்றால் கரைய வேண்டும் என்றேன். இரண்டு நிமிடத்தில் தம்ளரின் அடியில் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு படிவு தங்கியது. கரையாததெல்லாம் சாம்பல் என்று நான் சொல்லவில்லை, ஆய்வகத்தில் சோதியுங்கள், ஆனால் இது உப்பு இல்லை என்று சொன்னேன். சிரித்தவர் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்தார்.

முறைப்படி எடுக்காத மாதிரியை ஏற்க முடியாது என்றார் அதிகாரி. அப்படியானால் முறைப்படி நீங்கள் எடுங்கள், கார் வாசலில் நிற்கிறது என்றேன். அதற்கு இன்று ஆள் வரவில்லை என்றார். ஒரு காற்றுக் குறைகேட்புக் கூட்டத்துக்கு ஒரு பிடி தூசி எடுக்க ஆள் இல்லை. கடிதத்தின் நகலை மட்டும் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். ஓர் எழுத்தர் ஒப்புகைச் சீட்டு எழுதிச் சலீமிடம் கொடுத்தார். ஆவணம் படித்தே பிழைப்பவர் அதைப் பையில் போடுவதற்கு முன் படித்தார். பொருள் என்ற இடத்தில் "வாகன வாரண்டி புகார்" என்று இருந்தது.

சலீம் சீட்டை மும்தாஜிடம் காட்டினார். அவர் எதுவும் சொல்வதற்குள் மும்தாஜ் எழுந்து மேசைக்குப் போனார். நடுவில் இருமல் வந்து நின்றார். இருமி முடித்து, சீட்டை எழுத்தர் முன்னால் வைத்தார்.

"நான் காருக்கோசரம் வரல சார். அத்த அடிச்சுட்டு, எர்ணாவூர் காத்துல சாம்பல்னு எழுது. எழுதற வரைக்கும் நான் இங்கதான் குந்திகினு இருப்பேன்."

மேடை ஓரத்திலேயே உட்கார்ந்தார். மீன் விற்கும் பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு பலர். அடுத்த மனுவை எடுக்க முடியவில்லை. நாற்பது நிமிடம் கழித்து எழுத்தர் அந்த வரியை அடித்து, மும்தாஜ் சொன்ன வார்த்தைகளையே எழுதினார். அதிகாரி கையொப்பமிட்டார். கைத்தட்டல் எதுவும் இல்லை. மும்தாஜ் சீட்டைச் சலீமிடம் கொடுத்து, வீட்டுக்குப் போகலாம், நெஞ்சை அடைக்கிறது என்றார்.

பிற்பகல் இரண்டேகாலுக்கு அவர்களிடம் விடைபெற்றேன். கொப்பளித்த பெயிண்டை எப்போது சரிசெய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். சாட்சிக்கு யாராவது பெயிண்ட் அடிப்பார்களா என்று சலீம் திருப்பிக் கேட்டார். ஆய்வுக்கு ஆள் வருகிறவரை வண்டி அப்படியே இருக்குமாம். இதை எழுதும் இன்றுவரை யாரும் வரவில்லை. வாரம் ஒரு முறை அவர் அந்த அலுவலகத்துக்கு ஒப்புகை எண்ணைக் குறிப்பிட்டு நினைவூட்டல் அனுப்புகிறார். இப்போது நானும் மன்னார்குடியிலிருந்து ஒன்று அனுப்புகிறேன்.

திங்களன்று ஆசிரியர் அறையில் நடந்ததைச் சொன்னேன். கணக்கு ஆசிரியர் முழுக்கக் கேட்டுவிட்டு, அவ்வளவு மோசமென்றால் வேறு எங்காவது போய் இருக்க வேண்டியதுதானே, யார் அவர்களை அங்கே பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றார். சர்வீஸ் சென்டர் காருக்குச் சொன்ன அதே யோசனை. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தலைக்கு மேல் மூன்று விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஜன்னல்கள் திறந்திருந்தன. வயல் பக்கமிருந்து சுத்தமான காற்று வந்துகொண்டிருந்தது. இந்த விசிறிக்கு எந்த அனல்மின் நிலையத்து மின்சாரம் வருகிறது என்று என்னால்கூடப் பிரித்துச் சொல்ல முடியாது சார், ஆனால் அதன் சாம்பல் யார் வீட்டுச் சோற்றில் விழுகிறது என்று இப்போது சொல்ல முடியும் என்றேன்.

மணி அடித்தது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.